ப்ளஸ் டூ இல்லாத ஊரில்: அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழித்துணை

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது, ஊரிலிருந்து புதிதாக வந்த பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பெர்க்லிக்குக் கட்-ஆஃப் எவ்வளவுங்க?"

கட்-ஆஃப் கிடையாது. இந்தப் பதிலை நம்ப நம்மவர்களுக்குச் சில மாதங்கள் ஆகின்றன. எனக்கும் ஆயிற்று. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து 100, ஆக 200-க்கு எவ்வளவு என்று பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். பத்தாவது வரை எப்படியோ போகட்டும், ப்ளஸ் டூவில் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை நம் ரத்தத்தில் ஊறியது. இங்கே அந்த நம்பிக்கைதான் முதலில் காலை வாரும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி மூன்று மாதத்தில் விண்ணப்பம் போய்விடுகிறது. அந்த ஆண்டின் மதிப்பெண் வருவதற்குள், ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளில் எந்தப் பாடங்களை எடுத்தார்கள், அவற்றில் என்ன வாங்கினார்கள் என்பதை வைத்தே பெரும்பகுதி முடிவாகியிருக்கும்.

நான் இங்கே சொல்வது கடும் போட்டி உள்ள மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பற்றி: பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூசிஎல்ஏ (இரண்டும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள்), ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், மிச்சிகன், வர்ஜீனியா, சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா, ஜார்ஜியா டெக் போன்றவை. அரசுக் கல்லூரி என்றால் எளிதாகக் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். யூசிஎல்ஏவுக்கு மட்டும் முதலாண்டுச் சேர்க்கைக்கு ஆண்டுதோறும் 1,40,000-க்கு மேல் விண்ணப்பங்கள் போகின்றன. பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை.

முதல் வேலை: பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே கணக்குப் பாதையைப் பாருங்கள்

எங்கள் மகளை எட்டாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் மிகவும் அன்பாகத்தான் பேசினார். சென்னையிலிருந்து கொண்டுவந்த மதிப்பெண் பட்டியலை மேசையில் விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். "கணிதம் 94" என்று இருந்தது. அல்ஜீப்ரா என்ற சொல் எங்கும் இல்லை. நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் எண்ணியல், இயற்கணிதம், வடிவியல் எல்லாம் ஒரே புத்தகத்தில் ஓடும். இங்கே பெரும்பாலான பள்ளிகளில் இயற்கணிதமும் வடிவியலும் தனித்தனி ஆண்டுப் பாடம். அவருக்கு அது தெரியாது. இங்குள்ள பாடப் பெயர்கள் எனக்குத் தெரியாது. ப்ரீ-அல்ஜீப்ரா என்று எழுதிக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மகள், "அப்பா, இதெல்லாம் நான் ஆறாவதிலேயே போட்டதுப்பா" என்றாள். அப்போதுதான் சங்கிலி என்னவென்று விசாரித்தேன். அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீ-கால்குலஸ், கால்குலஸ் என்று வரிசை. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுத்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸுக்கு வந்துவிடும். ஓராண்டு பின்தங்கினால் ப்ரீ-கால்குலஸோடு பள்ளி முடிந்துவிடும். இஞ்சினியரிங்குக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கால்குலஸ் படித்துவிட்டே வருகிறார்கள். ஆக, அவளுடைய பதின்மூன்று வயதில் நான் போட்ட ஒரு கையெழுத்து பதினேழு வயது விண்ணப்பத்தைத் தொட்டுவிட்டது. கோடை விடுமுறையில் ஒரு முழுப் பாடத்தை எடுத்து அந்த ஓராண்டை மீட்டோம். அவளுடைய விடுமுறை போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே பட்டியலை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஊரில் படித்த கணக்குப் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். பொருளடக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். "பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைக்க முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். எந்த நிலைப் பாடத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் தேர்வு அது. கேட்டால் பெரும்பாலும் வைப்பார்கள். தானாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது: போட்டி எங்கே நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பத்துடன் பள்ளியைப் பற்றிய ஒரு குறிப்பும் போகும். ஸ்கூல் ப்ரொஃபைல் என்பார்கள். அந்தப் பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவுப் பாடங்கள்) உண்டு, மதிப்பெண் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்ற விவரங்கள் அதில் இருக்கும். உங்கள் பிள்ளையின் விண்ணப்பத்தைப் படிப்பவர் முதலில் கேட்பது, 'இந்தப் பள்ளி கொடுத்ததில் இவள் எவ்வளவை எடுத்துக்கொண்டாள்?' என்பதைத்தான். ஆறு ஏபி மட்டுமே உள்ள பள்ளியில் ஐந்து எடுத்த பிள்ளையும், இருபத்தைந்து உள்ள பள்ளியில் ஐந்து எடுத்த பிள்ளையும் அவர் கண்ணுக்கு ஒன்றல்ல.

இதை நம்மவர்கள் பலர் கடைசிவரை உணர்வதில்லை. வாடகை இரு மடங்கானாலும் பரவாயில்லை என்று பெயர்பெற்ற பள்ளி உள்ள ஊருக்குக் குடிபெயர்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள், நல்ல சூழல் என்பதற்காகப் போனால் தவறில்லை. சேர்க்கைக்காகப் போவதானால் இரண்டு முறை யோசியுங்கள்.

டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். அங்கே 1997-இல் வந்த சட்டப்படி, மாநிலத்துப் பள்ளி ஒவ்வொன்றிலும் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் விதி இறுக்கமானது. மாநில மாணவருக்கான முதலாண்டு இடங்களில் முக்கால் பங்கை மட்டும் இப்படி நிரப்பினால் போதும் என்று 2009-இல் திருத்தினார்கள். அதனால் ஆஸ்டினுக்கான வரம்பு பல ஆண்டுகள் முதல் 6 விழுக்காடாக இருந்து, 2026 சேர்க்கையிலிருந்து முதல் 5 விழுக்காடாகிவிட்டது. பதினொன்றாம் வகுப்பு முடிவில் உள்ள ரேங்க்தான் இதற்குக் கணக்கு. 500 பேர் படிக்கும் பள்ளியில் முதல் 25 பேருக்குள் வர வேண்டும். நூற்றுக்கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் குவிந்த பள்ளிக்குள் உங்கள் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த 25-க்குள் வருவது எளிதா, கடினமா? அதிலும் பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாறினால், புதுப் பள்ளி பழைய பாடங்களுக்கு எப்படி மதிப்புப் போடும் என்பதை மாறுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கலிஃபோர்னியாவிலும் இதே போன்ற ஏற்பாடு ஒன்று உண்டு. தகுதிபெற்ற ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 9 விழுக்காட்டில் வரும் மாணவருக்கு, கேட்ட வளாகம் எதுவும் கிடைக்காவிட்டால், இடம் இருக்கும் வேறொரு வளாகத்தில் இடம் தருவார்கள். அது பெர்க்லியாகவோ யூசிஎல்ஏவாகவோ இருக்காது. மெர்செட் போன்ற வளாகமாக இருக்கும்.

மூன்றாவது: ஜிபிஏ கணக்கைப் பேனாவால் போட்டுப் பாருங்கள்

ஜிபிஏ என்பது பாடங்களின் மதிப்பெண் சராசரி. பள்ளி காட்டும் ஜிபிஏ ஒன்று, பல்கலைக்கழகம் போடும் ஜிபிஏ வேறொன்று. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கணக்கு நம்மவர்களில் பலருக்குத் தேவைப்படுவதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

அவர்கள் ஏ-ஜி என்று ஒரு பாடப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். வரலாறு 2 ஆண்டு, ஆங்கிலம் 4, கணக்கு 3, ஆய்வக அறிவியல் 2, வேற்று மொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1, ஆக 15 ஆண்டுப் பாடங்கள். இவற்றில் 11 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இது வாசலில் நிற்பதற்கான தகுதி மட்டுமே. கணக்கில் 4 ஆண்டு, அறிவியலில் 3 ஆண்டு என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள். பெர்க்லிக்குப் போக நினைப்பவர் அந்தப் பரிந்துரையைக் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளலாம். கலை பாடத்தை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஓராண்டு ஓவியமோ இசையோ நாடகமோ இல்லாமல் எந்த மேதைக்கும் தகுதி முழுமையாகாது.

ஜிபிஏவுக்குப் பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களும் அவற்றையொட்டிய கோடைப் பாடங்களும் மட்டுமே கணக்கு. ஒன்பதாம் வகுப்புப் பாடங்களைப் பார்ப்பார்கள், ஆனால் அந்த எண்ணில் சேர்க்க மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் வந்திறங்கி, ஆசிரியரின் உச்சரிப்பே புரியாமல் முதல் பருவத்தில் தடுமாறிய பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் எல்லா மாநிலமும் இப்படி இல்லை. டெக்சாஸ் பள்ளி ரேங்கில் ஒன்பதாம் வகுப்பும் சேரும்.

ஒரு மாணவி இரண்டு ஆண்டுகளிலும் ஐந்தைந்து ஏ-ஜி பாடங்கள் எடுத்தாள் என்று வையுங்கள். பாடத்துக்கு ஆண்டுக்கு இரண்டு பருவம், ஆக 20 மதிப்பெண்கள். அவற்றில் 16 ஏ, 4 பி. ஏ-வுக்கு 4, பி-க்கு 3 என்றால் 64-ம் 12-ம் சேர்ந்து 76. இருபதால் வகுத்தால் 3.8. ஏபி அல்லது அங்கீகரிக்கப்பட்ட ஆனர்ஸ் (வழக்கத்தைவிடக் கடினமான) பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் வாங்கிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புள்ளி கூடுதல். ஆனால் எட்டுப் பருவத்துக்கு மேல் கூட்ட மாட்டார்கள், அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்கு பருவம்தான். 76 உடன் 8 சேர்த்தால் 84, இருபதால் வகுத்தால் 4.2. பள்ளி அட்டையில் இதே பிள்ளைக்கு 4.5 என்றுகூட இருக்கலாம். அந்த எண்ணை உறவினரிடம் சொல்லிக்கொள்ளலாம், பல்கலைக்கழகம் பார்ப்பது 4.2.

எட்டுப் பருவம் என்றால் நான்கு ஆண்டுப் பாடங்கள். அதற்கு மேல் எடுக்கும் ஏபி அந்த எண்ணை உயர்த்தாது. பாடத்தேர்வின் கடினத்தை மட்டும் காட்டும். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் ஆறு ஏபியைச் சுமத்தி, இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து மூன்றில் சி வாங்கும் பிள்ளையைக் கண்முன்னே பார்த்திருக்கிறேன். என் கருத்தில், எந்தப் பாடத்தில் மிகக் குறைந்தது பி உறுதியோ அதன் கடினமான வடிவத்தை எடுக்கலாம். அந்த உறுதி இல்லாத இடத்தில் வழக்கமான பாடமே போதும். "ஏபியில் பி நல்லதா, சாதாரணப் பாடத்தில் ஏ நல்லதா?" என்று வாதாடுவதைவிட, பிள்ளை எட்டு மணி நேரம் தூங்குகிறதா என்று பாருங்கள்.

மொழிப் பாடம் பற்றி ஒரு சொல். பிள்ளை ஊரில் தமிழ்வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு ஆண்டு படித்திருந்தால், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் அதை வேற்று மொழித் தகுதியாக ஏற்கும். ஆங்கிலவழியில் படித்தவருக்கு இது பொருந்தாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் தரும் பள்ளி மாவட்டங்களும் உண்டு. உங்கள் மாவட்டம் தருமா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். ஸ்பானிஷை முதலிலிருந்து தொடங்க வேண்டிய பாரம் குறையும்.

நான்காவது: எஸ்ஏடி எழுதுவதா, வேண்டாமா

எஸ்ஏடி, ஏசிடி இரண்டும் நாடு முழுவதும் நடக்கும் பொதுத் தேர்வுகள். எழுத வேண்டுமா என்பது நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பொறுத்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. 1,580 வாங்கினாலும் சேர்க்கை முடிவில் அது சேராது. ஆஸ்டின் 2025 சேர்க்கையிலிருந்து மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. ஜார்ஜியா டெக்கும் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகங்களும் கேட்கின்றன. விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், நண்பர் மகன் போன ஆண்டு சொன்னதை நம்பாமல் சேர்க்கை அலுவலகத்தின் பக்கத்தை நீங்களே படியுங்கள்.

ஐந்தாவது: வசிப்பிடமும் விசாவும்

நம் சமூகத்தில் கண்ணீர் சிந்த வைக்கும் இடம் இது. மாநிலப் பல்கலைக்கழகம் முதலில் அந்த மாநிலத்து வரி செலுத்துவோரின் பிள்ளைகளுக்கு. சாப்பல் ஹில்லில் முதலாண்டு மாணவரில் வெளிமாநிலத்தவர் 18 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு 1986 முதல் உண்டு. ஆஸ்டினில் பத்தில் ஒன்பது இடம் டெக்சாஸ்காரர்களுக்கு. வர்ஜீனியாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்ளூர் மாணவர். மிச்சிகனில் அப்படி வரம்பு இல்லாததால் வெளிமாநில மாணவர் ஏராளம். ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்தச் சேர்க்கை விழுக்காட்டைப் பார்த்து மயங்கவோ பயப்படவோ வேண்டாம். உங்கள் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

கட்டணத்திலும் அதே வேறுபாடு. கலிஃபோர்னியாவில் வெளிமாநில மாணவருக்குக் கல்விக் கட்டணம் மட்டும் உள்ளூர்க் கட்டணத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கானது) உள்ள பிள்ளையும் கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் வசிப்பிடத் தகுதி பெற முடியும். பெற்றோர் ஓராண்டுக்கு மேல் அங்கே வசித்து, அதற்கான சான்றுகளைக் காட்ட வேண்டும். மாநில வருமான வரிக் கணக்கு (டெக்சாஸில் அந்த வரி கிடையாது), ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரு கோப்பில் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். வேலைக்காகப் பன்னிரண்டாம் வகுப்பு நடுவில் மாநிலம் மாறும் முடிவை எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

எச்-4 பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவியும் கடனும் கிடையாது. 21 வயதானால் அந்த விசாவும் முடிந்துவிடும். மாணவர் விசாவுக்கு மாறும்போது உள்ளூர்க் கட்டணம் தொடருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இதைப் பல்கலைக்கழகத்தின் வசிப்பிடப் பிரிவில் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆறாவது: எந்த மேஜர் (முதன்மைப் பாடம்)

"ஏதோ ஒரு பாடத்தில் உள்ளே நுழைந்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகம், இல்லினாய் போன்ற இடங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பள்ளியிலிருந்தே நேரடியாக எடுக்கிறார்கள். பிறகு மாறுவது மிகக் கடினம். ஆஸ்டினில் ரேங்க் அடிப்படையில் தானாக இடம் கிடைத்தாலும், கேட்ட மேஜர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. யூசிஎல்ஏவிலோ கலை, அறிவியல் கல்லூரிக்கு மேஜரைப் பார்ப்பதில்லை, இஞ்சினியரிங் கல்லூரி பார்க்கும்.

இந்த நுணுக்கங்களைப் பிரித்தறிய ஒரு நல்ல கருவி உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையைத் திறங்கள். பாடங்களின் கடினம், ஜிபிஏ, ரேங்க், கட்டுரை, வசிப்பிடம் ஒவ்வொன்றும் அங்கே எவ்வளவு முக்கியம் என்று அவர்களே குறித்திருப்பார்கள். காசு கொடுத்து ஆலோசகரிடம் போவதற்கு முன் அரை மணி நேரம் இதைப் படியுங்கள்.

ஏழாவது: விண்ணப்பத்தை எழுதுவது

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் பொதுவாகக் கேட்பதில்லை. மதிப்பெண்களையும் மாணவரே உள்ளிட வேண்டும், சான்று பின்னால்தான். ஒன்பதாம் வகுப்பை இந்தியாவில் படித்திருந்தால், அந்த மதிப்பெண்ணைப் பட்டியலில் உள்ளபடியே உள்ளிடுங்கள். நீங்களாக ஏ, பி என்று மாற்றக் கூடாது.

தெரிந்த பையன் ஒருவன் செயல்பாடுகள் பகுதியைக் காலியாக வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தான். "ஒண்ணுமே பண்ணலை அங்கிள்" என்றான். பள்ளி விட்டதும் என்ன செய்வாய் என்று கேட்டேன். மூன்று மணிக்குத் தம்பியை அழைத்துவருவான், தோசை ஊற்றிக் கொடுப்பான், வீட்டுப்பாடம் சொல்லித் தருவான். அம்மாவும் அப்பாவும் வர ஆறரை ஆகும். நான்கு ஆண்டுகளாக வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் காமன் ஆப் விண்ணப்பத்தில் 'குடும்பப் பொறுப்பு' என்றே ஒரு வகை இருக்கிறது. அதைக் காட்டியதும் அவன் முகம் மாறியதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். நம் வீடுகளில் இதையெல்லாம் கடமை என்று சொல்லிப் பேசாமல் விட்டுவிடுகிறோம். எழுதச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர் எழுதிய பதினேழு வயதுக் கட்டுரையை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசி நாட்களைச் சுவரில் ஒட்டுங்கள். மிச்சிகனின் முன்கூட்டிய சுற்று நவம்பர் 1. கலிஃபோர்னியா அக்டோபர் 1-இல் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கி நவம்பர் இறுதியை ஒட்டி மூடும். இடம் கிடைத்த பிறகும் பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிட முடியாது. டி அல்லது எஃப் வாங்கினால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடும்.

பதினொன்றாம் வகுப்பில் வந்து இறங்கியவர்களுக்கு

மேலே சொன்னதில் பாதி உங்களுக்குக் கைநழுவிப் போயிருக்கும். கலங்க வேண்டாம், இரண்டாவது வாசல் ஒன்று உண்டு. உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். பட்டத்தில் பெர்க்லி என்றுதான் இருக்கும். உறவினர் என்ன சொல்வாரோ என்று இந்த வழியைத் தட்டிவிட்ட குடும்பங்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களையும் ஜிபிஏவையும் முடித்த கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு இடத்தை உறுதியாகவே தருகின்றன. டேக் என்று சொல்வார்கள். சில மேஜர்களுக்கு மட்டும் அது கிடையாது. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோவில் உறுதி இல்லை, ஆனால் யூசிஎல்ஏவில்கூட மாறிவருவோருக்குக் கிடைக்கும் வாய்ப்பு பள்ளியிலிருந்து நேராக வருவோரைவிடக் கூடுதல். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம். முதல் பருவத்துக்குப் பாடம் பதிவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். டேக் விண்ணப்பம் செப்டம்பர் மாதம் மட்டுமே திறந்திருக்கும், மாறுவதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில்.